உபயம்: தியாகா கம்ப்யூட்டர்ஸ்

கூடப்பிறந்த அண்ணனுக்கு எதிராக நான் கை தூக்கினேன் என்று பினாங்கு ஜார்ஜ் டவுனில் பாதிப் பேர் இன்றைக்கும் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். சுத்தப் பொய். எங்கள் வட்டத்தில் தலைவர் கை தூக்குவதில்லை. மற்றவர்கள் தூக்கிய கைகளை எண்ணிச் சொல்வதோடு தலைவரின் வேலை முடிந்தது. இரண்டு பக்கமும் சமமாக வந்தால் மட்டும் தலைவர் வாயைத் திறந்து ஏதாவது ஒரு பக்கம் சொல்ல வேண்டும். அன்றைக்குச் சமமாக வந்து தொலைத்தது. அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

வட்டம் எது, அண்ணன் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பிறகு நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

அண்ணன் பெயர் தியாகராஜா. பர்மா ரோட்டில் தியாகா கம்ப்யூட்டர்ஸ் என்ற கடை அவருடையது. கீழே கம்ப்யூட்டர் விற்பனையும் பழுதுபார்ப்பும் நடக்கும். மாடியில் ஓர் அறை சும்மா கிடந்தது. நான் யோகலட்சுமி, அவருக்கு ஒரே தங்கை. கடலுக்கு அக்கரையில், செபராங் ஜெயாவில் ஓர் இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை, ஏன் என்று கேட்பவர்களிடம் ஃபெர்ரிக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி நடையைக் கட்டிவிடுவேன். கிரீன் லேனில் அண்ணன் வீட்டிலேயே இருந்தேன். காலையில் கடை திறக்கப் போகும் வழியில் அவர்தான் என்னைக் காரில் கொண்டுபோய் ஃபெர்ரித் துறையில் இறக்கிவிடுவார்.

வட்டம் என்பது பினாங்கு தமிழ்க் கணினி வட்டம். அதற்குக் காரணம் பஷீர். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் இன்ஜினியராக இருந்தவர். ஒருநாள் கடைக்கு ஏதோ சாமான் வாங்க வந்தார். வந்தவர் பையிலிருந்து ஒரு ஃப்ளாப்பியை எடுத்து, தமிழில் டைப் அடிக்க நானே ஒன்று எழுதியிருக்கிறேன், பார்க்கிறீர்களா அண்ணே என்று கேட்டார். அண்ணன் போட்டுப் பார்த்தார். திரையில் ‘அம்மா’ வந்தது. முதல் ‘ம’வுக்கு மேல் இருக்க வேண்டிய புள்ளி இரண்டாவது ‘ம’வின் தலையில் போய் உட்கார்ந்திருந்தது. இருந்தாலும் தமிழ். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர் திரையில் தமிழைப் பார்ப்பது எப்படி இருந்தது என்று இப்போது சொன்னால் யாருக்கும் புரியாது. அண்ணன் பஷீரின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, மாடி சும்மாதான் கிடக்கிறது, வந்து உட்கார்ந்து புள்ளியைச் சரிசெய்யுங்கள் என்றார்.

புள்ளி சரியானது. ஆனால் அதற்குள் ஆள் சேர்ந்துவிட்டது. தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஹமீதா வந்தார். தன் பிள்ளைகள் எந்தெந்த எழுத்தில் தடுக்கி விழுகிறார்கள் என்று வந்து சொல்வார். ஈப்போவிலிருந்து ஒருவர், சிங்கப்பூரிலிருந்து ஒருவர், டொராண்டோவில் குளிரில் உட்கார்ந்துகொண்டு ஒருவர் என எல்லோரும் திருத்தம் அனுப்பத் தொடங்கினார்கள். ஏனென்றால் பஷீர் தான் எழுதியது எதையும் மூடி வைக்கவில்லை. வெறும் புரோகிராமை மட்டும் தராமல், அதை எப்படி எழுதினார் என்ற வரிகளையும் சேர்த்தே ஃப்ளாப்பியில் போட்டுக் கொடுத்தார். யாரும் எடுத்துக்கொள்ளலாம், மாற்றலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம். மாற்றினால் மாற்றியதை எங்களுக்கும் காட்ட வேண்டும். இதுதான் ஒரே நிபந்தனை.

அந்த வரிகளுக்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்று யோசித்து, ‘மூலம்’ என்று வைத்தோம். எங்களுக்குள்ளே பேசிக்கொள்ள நல்ல சொல்தான். ஆனால் அந்தப் பெருமையில் ஒரு தமிழ்ப் பத்திரிகையில் விளம்பரமும் கொடுத்துவிட்டோம்: ‘மூலம் அனைவருக்கும் இலவசம், பர்மா ரோட்டுக்கு நேரில் வரவும்.’ கடைக்கு ஒரு வாரம் போன் ஓயவில்லை. சுங்கை பினாங்கிலிருந்து ஒரு பெரியவர் நேரிலேயே வந்து, உட்கார மறுத்து நின்றபடியே, மருந்து உள்ளுக்கா வெளிப்பூச்சா என்று அண்ணனிடம் தாழ்ந்த குரலில் கேட்டார். அண்ணன் அவருக்கு ஒரு கோப்பி வாங்கிக் கொடுத்து அனுப்பிவைத்தார். பிறகு மாடிக்கு ஏறி வந்து, அடுத்த விளம்பரத்தை நான் பார்க்காமல் போடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டார்.

புரோகிராமின் பெயர் ‘கொம்பு’. அதற்கும் ஒரு சண்டை உண்டு. ‘கெ’ என்று அடிக்க முதலில் கொம்பைத் தட்டுவதா, முதலில் ‘க’வைத் தட்டுவதா? பழைய டைப்ரைட்டர்காரர்கள் கொம்புதான் முதலில் என்றார்கள். சொல்லும் வரிசைப்படி எழுத்துதான் முதலில் என்றது ஹமீதாவின் கட்சி. இரண்டு ஞாயிற்றுக்கிழமை பேச்சுவார்த்தை நடந்து, மூன்றாவதில் ஒருவருக்கொருவர் வணக்கம் சொல்வதே நின்றுபோயிற்று. அப்போதுதான் யாராவது ஒருவர் கூட்டத்தை நடத்த வேண்டும் என்று தோன்றி, எனக்கு ஒரு வரியும் எழுதத் தெரியாது என்பதாலும் என் குரல் எல்லோருடைய குரலையும் விடப் பெரியது என்பதாலும் என்னைத் தலைவராக்கினார்கள். நான் கைகளை எண்ணினேன். இரண்டு வழியும் இருக்கட்டும், வேண்டியவர் வேண்டியதை வைத்துக்கொள்ளட்டும் என்று முடிவானது. சண்டைக்கு நினைவாகக் கொம்பு என்றே பெயரும் வைத்தாயிற்று. யாருக்கு எத்தனை படிப்பு இருந்தாலும் ஓர் ஆளுக்கு ஒரு கை என்பதும் அன்றைக்கு ஏற்பட்ட வழக்கம்தான்.

அண்ணன் கூட்டங்களில் முன் வரிசையில் உட்கார்ந்திருப்பார்; வாயைத் திறக்க மாட்டார். அறை, மின்சாரம், டெலிபோன் இணைப்பு, பெட்டி பெட்டியாக ஃப்ளாப்பி எல்லாம் அவர் செலவு. ஆகவே புரோகிராம் திறக்கும்போது வரும் முதல் திரையில் கடையின் பெயரைப் போட வேண்டும் என்றார் பஷீர். ‘தயாரிப்பு: தியாகா கம்ப்யூட்டர்ஸ்’ என்று போட்டும் காட்டினார். அண்ணனுக்கு அது கூச்சமாகிவிட்டது. நான் ஒரு வரிகூட எழுதவில்லையே, தயாரிப்பு என்றால் பார்ப்பவன் என்ன நினைப்பான் என்றார். எங்கள் பிள்ளையார் கோவில் திருவிழாவில் வருஷா வருஷம் ஒருநாள் அவருடைய உபயம். அன்றைய பூவும் பூசையும் சாப்பாடும் அவர் செலவு. ஒரு மாலை போடுவார்கள். மறுநாள் வேறொருவர் முறை. அந்தச் சொல்லையே போடுங்கள் என்றார். அப்படித்தான் கொம்பைத் திறக்கும் எவருக்கும் முதலில் ‘உபயம்: தியாகா கம்ப்யூட்டர்ஸ்’ என்று தெரிந்தது. எனக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் பெருமையாக இருக்கும்.

இதற்குள் ஊர் நடுவே கொம்தார் கட்டடத்தில் வரிசையாகக் கம்ப்யூட்டர் கடைகள் வந்துவிட்டன. குளிர்சாதனம், கண்ணாடி, பாட்டு, மலிவு விலை. பர்மா ரோட்டுக்கு யார் வருவார்கள்? அண்ணன் முகம் சுண்டிப் போனது எனக்குத் தெரிந்தது. ஏன் என்று கேட்டால், ஒன்றுமில்லை, வெயில் என்பார். அந்த நேரத்தில்தான் கோலாலம்பூரிலிருந்து ஒரு பெரிய கம்பெனி அவரைத் தேடி வந்தது. கடையைத் தங்கள் வடக்குக் கிளையாக ஆக்கிக்கொள்கிறோம், நீங்களே அதற்கு மேனேஜர், உங்கள் ஆட்களையும் வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். ஒரே ஒரு நிபந்தனை. கொம்பும் கடையோடு சேர்ந்து வர வேண்டும். அதன்பிறகு மூலம் யாருக்கும் கிடையாது. திருத்தமெல்லாம் கம்பெனிதான் செய்யும். பள்ளிக்கூடமும் பத்திரிகையும் கம்பெனியிடம்தான் வாங்க வேண்டும்.

அண்ணன் சரி என்று தலையாட்டிவிட்டு வந்தார். அவரிடம் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. தன் மாடியில் பிறந்து தன் மின்சாரத்தில் வளர்ந்த ஒன்று தன்னுடையதுதான் என்று நினைத்துவிட்டார், அவ்வளவுதான். வீட்டில் சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்து, அந்தக் கம்பெனியின் பெயரைத் தன் பெயருக்குப் பக்கத்தில் சொல்லிச் சொல்லிப் பார்த்தார். அத்தனை சந்தோஷமாக அவரைப் பார்த்து வெகு நாளாகியிருந்தது. அது வட்டத்தின் சொத்து ஆயிற்றே, கூட்டத்தில் கேட்க வேண்டாமா என்று நான் மெதுவாக இழுத்தேன். கேட்டால் போச்சு, நம்ம பிள்ளைகள்தானே, மாட்டேன் என்றா சொல்லப் போகிறார்கள் என்றார். அண்ணி ஞானாம்பிகை என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் ரசத்தைக் குடித்துவிட்டு எழுந்துவிட்டேன்.

கூட்டத்துக்குக் கம்பெனியின் ஆள் நாகநாதன் வந்திருந்தார். நல்ல பிள்ளை, வெயிலிலும் டையைத் தளர்த்தவில்லை. ஆங்கிலப் பள்ளியில் படித்தவர். தமிழ் பேச வரும், படிக்க வராது. கம்பெனி எவ்வளவு பெரியது என்று அவர் விளக்கி முடித்ததும் பஷீர் எழுந்தார். கொம்பில் தன்னுடைய வரிகள் இப்போது பாதிகூட இல்லை, ஈப்போக்காரருடையது இருக்கிறது, டொராண்டோக்காரருடையது இருக்கிறது, அவர்கள் எல்லோரும் எல்லோருக்குமாகக் கொடுத்ததை நான் எப்படி ஒரு கம்பெனிக்கு எழுதிக் கொடுப்பேன் என்று கேட்டார். தன் பள்ளியில் பிள்ளைகள் ஃப்ளாப்பியில் வீட்டுக்கு எடுத்துப் போகிறார்களே, அதையும் நிறுத்தச் சொல்வீர்களா என்று ஹமீதா கேட்டார். நாகநாதன் பதறவில்லை. மேசைமேல் இருந்த கம்ப்யூட்டரைத் தட்டி, கொம்பைத் திறந்து, முதல் திரையைக் காட்டினார்.

“இத நீங்களே எழுதியிருக்கீங்க. நான் கேட்டுப் பார்த்தேன். உபயம்னா, வழங்குபவர். படத்துல மொதல்ல வருமே, இன்னார் வழங்கும்னு. படம் யாருது? வழங்குறவருதுதானே?”

அறையில் பாதித் தலைகள் ஆமாம் என்று ஆடத் தொடங்கின. எனக்குச் சிரிப்பு ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். தலைவர் கருத்துச் சொல்லக் கூடாது என்பது வழக்கம். கேள்வி கேட்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. நான் முன் வரிசையைப் பார்த்துக் கேட்டேன்.

“அண்ணே, போன திருவிழாவுல நம்ம கோவிலுக்கு ஒரு பெரிய குத்துவிளக்கு உபயம் குடுத்தீங்க. நாளைக்கு நம்ம வீட்டுல கரண்ட் போச்சுன்னா, அத எடுத்துட்டு வரலாமா?”

அண்ணன் திரையில் இருந்த அந்த வரியைப் பார்த்தார். அந்தச் சொல்லை வேண்டுமென்று கேட்டு வாங்கிப் போட்டவர் அவர். இல்லை, இது வேறு அது வேறு என்று அவர் சொல்லியிருந்தால் அந்த அறையில் யாரும் எதிர்த்துப் பேசியிருக்க மாட்டார்கள். நாகநாதன் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“குடுத்தா குடுத்ததுதான்,” என்றார் அண்ணன்.

எங்கள் பள்ளிவாசலில் இதையே வக்ஃப் என்போம், கொடுத்தவரின் பேரனே வந்து நின்றாலும் அது வீட்டுக்குத் திரும்பாது என்று பஷீர் நாகநாதனுக்கு விளக்கினார். கோவிலில் உபயக்காரருக்கு மாலை உண்டு, மரியாதை உண்டு, சாவி கிடையாது என்று இன்னொருவர் சொன்னார். பாவம் நாகநாதன், மூடிய பேனாவைத் திறந்து ஒன்றும் எழுதாமல் மறுபடி மூடினார். இத்தோடு முடிந்தது என்று நான் நிம்மதியாக மூச்சு விட்டேன். ஆனால் அண்ணன் எழுந்து நின்றார். அத்தனை ஆண்டுகளில் கூட்டத்தில் அவர் எழுந்து நின்றது அதுதான் முதல்முறை.

“என்னோடதுன்னு சொல்லல. கேக்குறேன். கடை படுத்துக்கிட்டு வருது. நீங்களா மனசு வச்சிக் குடுத்தா எழுந்துக்கும். குடுக்குறது குடுக்காதது ஒங்க இஷ்டம் லா.”

சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். இப்போது யாராலும் யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை. உரிமை என்று கேட்டிருந்தால் எதிர்த்துப் பேசிவிடலாம்; இப்படிக் கேட்டால் என்ன செய்வது? வெயிலில் வந்தவர்களுக்கெல்லாம் கோப்பி வாங்கிக் கொடுத்த மனிதர். அறை போய்விட்டால் எங்கே உட்காருவது என்ற கவலை வேறு. கொடுக்கலாம் என்பவர்கள் கை தூக்குங்கள் என்றேன். எண்ணினேன். கொடுக்க வேண்டாம் என்பவர்கள் தூக்குங்கள் என்றேன். அதையும் எண்ணினேன். ஹமீதாவின் கை பாதி வரை போய் நின்று, பிறகுதான் மேலே போனது. பஷீர் தலையைக் குனிந்துகொண்டு தூக்கினார். மறுபடி ஒருமுறை எண்ணினேன், எங்கேயாவது ஒரு கை கூடக் குறைய இருக்காதா என்று. சமம்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அண்ணன் மட்டும் பார்க்கவில்லை. பார்க்க வேண்டியதில்லை என்று நினைத்திருப்பார். நான் அவர் தங்கை. அவர் வீட்டில் சாப்பிட்டு அவர் காரில் போய் வருகிறவள். என் வாயிலிருந்து என்ன வரும் என்பதில் அவருக்கு ஒரு சந்தேகமும் இருந்திருக்காது. எனக்கு அழுகை வந்தது. இது என் அண்ணனுடைய தேவை. ஆனால் கொம்பு அவர் ஒருவருக்காகச் செய்யப்பட்டது இல்லையே. ஈப்போக்காரரின் முகத்தைக்கூட நான் பார்த்ததில்லை. அவருக்கு இந்த அறையில் ஒரு கை கிடையாது.

“வேணாம்,” என்றேன். என் பெரிய குரலை அன்றைக்குக் காணோம்.

கூட்டம் முடிந்தது. நாகநாதன் எல்லோருக்கும் கை கொடுத்துவிட்டுப் போனார். இப்போது ஒரு சங்கடம். நான் வீட்டுக்குப் போக வேண்டும், கார் அண்ணனுடையது. பஸ்ஸில் போய்விடலாம் என்று படியிறங்கினால், அவர் காரை வாசலில் நிறுத்தி இன்ஜினை ஓட விட்டுக்கொண்டு காத்திருக்கிறார். ஏறினேன். கிரீன் லேன் வரை ஒரு சொல் இல்லை. நடுவில் பெட்ரோல் போட நிறுத்தினார். அங்கேயும் இல்லை. வீட்டில் இறங்கியதும் அண்ணி எங்கள் இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு, யாரிடமும் ஒன்றும் கேட்காமல் சோற்றைப் போட்டார்.

அன்றிலிருந்து அண்ணன் என்னோடு பேசவில்லை. காலையில் வழக்கம்போலத் துறையில் இறக்கிவிடுவார், பேச மாட்டார். நானும் சளைத்தவள் இல்லை. உப்பு வேண்டுமென்றால் அண்ணியிடம் கேட்பேன். உப்பு அவர் கைக்குப் பக்கத்திலேயே இருக்கும். கம்பெனி ஈப்போவில் வேறொரு கடையைப் பிடித்துக்கொண்டது. பர்மா ரோட்டுக் கடை மூடவில்லை, ஆனால் சுருங்கியது. விற்பனையை விட்டுவிட்டு அண்ணன் பழுதுபார்ப்பை மட்டும் வைத்துக்கொண்டார். ஒருநாள் அண்ணி என் அறைக்கு வந்து, ரிப்பேர் சாமான் வைக்க அவருக்கு மாடி வேண்டுமாம் என்று சொல்லிவிட்டு, என் படுக்கையை ஒருமுறை தட்டிவிட்டுப் போனார். கோபித்துக்கொள்ள முடியவில்லை. மாடி அவருடையது, அதை நாங்கள் வாக்கெடுத்து வாங்கவில்லை.

வட்டம் சுங்கை பினாங்கில் ஒரு சமூக மண்டபத்துக்குப் போயிற்று. நாங்கள் ஒரு மூலையில் கூடுவோம். மறு மூலையில் பேட்மிண்டன் ஆடுவார்கள். பந்து வந்து கீபோர்டில் விழும். இருந்தாலும் ஒரு மிதப்பு இருந்தது. இனி நமக்கு யாரும் எஜமான் இல்லை, நாமே ராஜா என்று பேசிக்கொண்டோம். முதல் திரையிலிருந்து உபயம் வரியை எடுத்துவிட்டோம். எடுத்த அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

வேலையெல்லாம் என் தலையில் விழுந்தது. டெலிபோன் இணைப்புக்கு ஒருவர் பெயர் வேண்டும். என் பெயரைக் கொடுத்தேன். மூலம் இருக்கும் ஃப்ளாப்பிகளை மண்டபத்தில் வைக்க முடியாது, எலி. என் அறை அலமாரியில் வைத்தேன், சாவியை என் கைப்பையில் வைத்தேன். திருத்தம் அனுப்புபவர்கள் யாருக்கு அனுப்புவது என்று கேட்டார்கள். எனக்கு அனுப்பச் சொன்னேன். வருவதையெல்லாம் பஷீருக்குக் கொடுத்தால் அவர் தூங்கப் போவதெப்போது? அதனால் நல்லதாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தேன். டொராண்டோக்காரர் வளவளவென்று எழுதுவார்; அவருடையதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கிவைத்தேன். முதல் திரை வெறுமையாகக் கிடந்ததால் ‘தொடர்புக்கு: தலைவர், செல்வி யோகலட்சுமி’ என்று போடச் சொன்னேன். யாராவது ஒருவர் பெயர் வேண்டும் அல்லவா? கூட்டங்கள் சீக்கிரம் முடிந்தன. சண்டையே இல்லை. நான் ஒன்று சொன்னால் எல்லோரும் சரி அக்கா என்றார்கள். பழைய நாளில் கொம்புக்காகப் பேச்சையே நிறுத்திக்கொண்டவர்கள் இவர்கள்தானா என்று எனக்கே ஆச்சரியம். நன்றாக நடத்துகிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

வருடாந்திரக் கூட்டம் வந்தது. தலைவர் தேர்தல் என்று ஒன்று உண்டு. ஒவ்வொரு ஆண்டும் யாராவது ‘அக்காவே இருக்கட்டும்’ என்பார்கள், கைதட்டுவார்கள், வடை வரும். அன்றைக்கு நான் பேசத் தொடங்கும் நேரத்தில் வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. அண்ணன். மாடி போனாலும் அவர் வட்டத்தின் உறுப்பினர்தான், யாரும் நீக்கவில்லை. முன் வரிசையில் இடம் காலியாக இருந்தது. ஒருவர் எழுந்தும் கொடுத்தார். அவர் வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு, கடைசியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நான் அவரிடமிருந்து கண்ணை எடுத்துக்கொண்டு பேச்சைத் தொடர்ந்தேன். முடித்ததும் பின் வரிசையில் ஒரு கை உயர்ந்தது. கை தூக்கியவருக்குப் பேச இடம் கொடுக்க வேண்டும், வழக்கம் அப்படி.

“தலைவர் அவர்களே,” என்றார் அண்ணன். பல மாதத்துக்குப் பிறகு அவர் என்னிடம் சொன்ன முதல் சொல் அதுதான். “ஒரு தீர்மானம். யாரா இருந்தாலும் தலைவர் ரெண்டு வருஷத்துக்கு மேல இருக்கக் கூடாது. அலமாரி சாவி ரெண்டு பேர்கிட்ட இருக்கணும். தலைவர் அதுல ஒருத்தரா இருக்கக் கூடாது.”

எனக்குக் காது சூடாகிவிட்டது. பேட்மிண்டன்காரர்கள்கூட ஆட்டத்தை நிறுத்திவிட்ட மாதிரி தோன்றியது. வழிமொழிவது யார் என்று கேட்டேன். ஒருவரும் வர மாட்டார்கள் என்ற தைரியத்தில் கேட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பஷீர் எழுந்தார்.

“நான் வழிமொழியறேன். மன்னிச்சிருங்க அக்கா.”

பஷீர். தலையில் புள்ளி விழுந்த ‘அம்மா’விலிருந்து கூட இருக்கும் பஷீர். காரணம் சொல்லுங்கள் என்று அண்ணனைக் கேட்டேன். குரல் திரும்பி வந்திருந்தது, தேவைக்கு அதிகமாகவே வந்திருந்தது. அண்ணன் நிதானமாகப் பேசினார்.

“வட்டம் என் மாடியில இருந்தப்போ என் மூஞ்சியப் பாத்துட்டுத்தான் எல்லாரும் பேசுவாங்க. எனக்கு அது தெரியவே இல்ல. யாரும் சொல்லலயே. அன்னிக்குப் பாதிப் பேர் கைய தூக்குனது எனக்காக, கொம்புக்காக இல்ல. இப்ப சாவி ஒங்ககிட்ட இருக்கு. ஒங்க மூஞ்சியப் பாத்துட்டுப் பேசுறாங்க. டொராண்டோக்காரர் எனக்குக் கடுதாசி போட்டாரு, நான் அனுப்புனது என்னாச்சுன்னு.”

ஹமீதாவைப் பார்த்தேன். அவர் தன் வளையலைச் சுற்றிக்கொண்டிருந்தார். ஒவ்வொருவராகப் பார்த்தேன். ஒருவரும் ஆச்சரியப்படவில்லை. எல்லோருக்கும் இது முன்பே தோன்றியிருக்கிறது. என்னிடம் சொல்லத்தான் யாருக்கும் வாய் வரவில்லை. அந்த இடத்தில்தான் எனக்குச் சுருக்கென்றது. வந்த ஆத்திரத்தில் சாவியை அண்ணன் மேல் வீசிவிட்டு வெளியே போயிருப்பேன். ஆனால் தீர்மானம் ஒன்று நிற்கிறது, கூட்டம் காத்திருக்கிறது, எண்ண வேண்டியவள் நான்.

ஆதரிப்பவர்கள் தூக்குங்கள் என்றேன். முதலில் ஹமீதாவின் கை. இந்தமுறை பாதியில் நிற்கவில்லை. பிறகு ஒன்று, இரண்டு என்று வந்து, கடைசியில் எண்ணவே தேவையில்லாமல் போயிற்று. ஆனாலும் எண்ணினேன், ஒவ்வொரு கையாக, அண்ணனின் கையையும் சேர்த்து. அவருடைய கை ஒன்றுதான். ஹமீதாவுடையதைவிட ஓர் அங்குலமும் பெரிதில்லை. தீர்மானம் நிறைவேறியது என்று அறிவித்தேன். கைப்பையிலிருந்து சாவியை எடுத்து மேசைமேல் வைத்தேன். ஹமீதாவைத் தலைவராக்கினார்கள். வடை வந்தது. நான் இரண்டு தின்றேன். அழக் கூடாது என்பதற்காக.

வெளியே கார் நின்றது. ஏறினேன். ஜெலுத்தோங் சாலையில் விளக்கு சிவப்பாக விழுந்ததும் நான்தான் முதலில் பேசினேன்.

“பழி வாங்கிட்டீங்க.”

“பாதி,” என்றார் அண்ணன்.

“மீதி?”

“நீ அன்னிக்கு வேணாம்னு சொன்ன பாரு, அது சரிதான்னு எனக்கு அப்பவே தெரியும். தெரிஞ்சதுனாலதான் அவ்வளவு கோபம். ஒன்கிட்ட பேசுனா ஒத்துக்கணுமேன்னு பேசல.”

விளக்கு பச்சையாகியும் அவர் காரை எடுக்கவில்லை. பின்னால் ஹாரன் அடித்தார்கள். நான் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு அழுதேன். தோற்ற அவமானம், அண்ணன் பேசிவிட்ட சந்தோஷம், இரண்டையும் பிரிக்கத் தெரியாமல் நன்றாகவே அழுதேன். அவர் கியரைப் போட்டு மெதுவாக நகர்த்தினார்.

“ரொம்ப வலிக்குதா யோகம்?”

“வலிக்குது லா,” என்றேன்.

“எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு,” என்றார்.